ஆலயம் இல்லாத சமயம்: எருசலேம் நாட்குறிப்பு

செப்டம்பர் 23, 2022, வெள்ளி

சூரியன் மறைய இன்னும் 40 நிமிடம் இருக்கும்போதே யூதரின் வாராந்தர ஓய்வுநாளை அறிவிக்கும் சங்கு (சைரன்) ஊதிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் மெழுகுவர்த்திகளை ஏற்றி, சுடரின் மேல் கைகளை மும்முறை சுழற்றித் தம் பக்கம் வாங்கி, கண்களைப் பொத்திக்கொண்டு துதிமொழியைச் சொன்னார். மேசையில் துணியால் மூடிய இரண்டு பின்னல் ரொட்டிகள் இருந்தன. வனாந்தரத்தில் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் கிடைத்த இரட்டைப் பங்கு மன்னாவை, அதாவது வானத்திலிருந்து வந்த உணவை, அவை நினைவூட்டுகின்றன.

ஓய்வுநாளுக்கு, யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோரா இரண்டு காரணங்களைத் தருகிறது. ஆறு நாளில் உலகைப் படைத்த கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்தார் என்கிறது யாத்திராகமம். நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது உபாகமம். என் மனம் இரண்டாவதிலேயே நிலைக்கிறது. அந்நாளில் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளை, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா வகுத்திருக்கிறது. வனாந்தரத்தில் வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரத்தை அமைக்கத் தேவைப்பட்ட வேலைகளே அவை என்று மிஷ்னாவின் விரிவுரையான தல்மூது விளக்குகிறது.

செப்டம்பர் 27, செவ்வாய்

யூத ஆண்டு 5783இன் இரண்டாம் நாள். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடத் துணிந்ததும், கடைசிக் கணத்தில் தேவதூதன் தடுத்ததும், புதரில் சிக்கிய ஆட்டுக்கடா மகனுக்குப் பதிலானதும் ஜெப ஆலயத்தில் இன்று வாசிக்கப்பட்டன. பின்னர் ஆட்டுக்கடாவின் கொம்பு ஒலித்தது: ஒரு நீண்ட ஊதல், விம்மல் போல் உடைந்த மூன்று, அழுகை போல் நடுங்கும் சிறு துணுக்குகள்.

கடவுள் ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையும், சீனாய் மலையில் மோசே வழியாக அளித்த தோராவும் இச்சமயத்தின் வேர்கள். வேதத்துக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் எகிப்திய மன்னர் மெர்னெப்தாவின் கல்வெட்டில், ஏறத்தாழ கி.மு. 1208இல் இடம்பெறுகிறது.

அக்டோபர் 5, புதன்

யோம் கிப்பூர், பாவநிவிர்த்தி நாள். நேற்று மாலை முதல் சாலைகளில் வண்டிகள் இல்லை. வெண்ணிற உடையணிந்தோர், தோல் காலணி கூடாது என்பதால், துணிக் காலணியோடும் ரப்பர் செருப்போடும் நடந்து சென்றனர். ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் நீரும் கிடையாது.

எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில், ஆண்டில் இந்த ஒரு நாளில்தான் பிரதான ஆசாரியர் அதன் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைவார். கி.பி. 70இல் உரோமைப் படை அந்த ஆலயத்தைத் தகர்த்தது. பலிபீடமே மையமாக இருந்த ஒரு சமயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்பதே என்னை இங்கு இழுத்துவந்த வியப்பு. இடிபாடுகளைக் கண்டு, பாவநிவிர்த்திக்கு வழியில்லாமல் போயிற்றே என்று ரபி (யூத சமய ஆசான்) யோசுவா புலம்ப, அன்புச் செயல்களும் அதற்கு ஈடான நிவிர்த்தியே என்று அக்கால அறிஞர் யோகனான் பென் சக்காய் தேற்றினார் என மரபு சொல்கிறது. பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியா தீர்க்கதரிசியின் வாக்கே அவருக்கு ஆதாரம். யப்னே என்ற ஊரில் அவரும் அவர் வழிவந்தோரும் கல்வியையும் வழிபாட்டையும் பேணி வளர்த்தார்கள். ஆசாரியரின் அன்றைய பணி முழுவதும் இன்று வேண்டுதலில் சொல்லாகவே நிகழ்ந்தது. உரிய இடத்தில் சபையார் தரையில் நெற்றி பதித்து விழுந்தனர்.

கடவுளுக்கு எதிரான பாவத்தை இந்நாள் போக்கும். சக மனிதனுக்கு இழைத்த தீங்கையோ, அவனைச் சமாதானப்படுத்தும்வரை போக்காது என்கிறது மிஷ்னா. எந்த உபவாசமும் அந்த வாசற்படியைக் கடக்க உதவாது என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இருள் சூழும் வேளையில், "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற அறிக்கையைச் சபை ஒருமுறை உரக்கச் சொன்னது, கர்த்தரே தெய்வம் என்று ஏழு முறை முழங்கியது, கொம்பு ஊதியதும் நோன்பு முடிந்தது.

அக்டோபர் 10, திங்கள்

கூடாரப் பண்டிகை. மாடி முகப்புகளில் எல்லாம் தழை வேய்ந்த குடில்கள். கூரையில் வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். குருத்தோலையோடு மிர்ட்டில், ஆற்றலரி (வில்லோ) கிளைகளைச் சேர்த்துக் கட்டி, எத்ரோக் என்னும் நாரத்தை இனக் கனியுடன் பிடித்து அசைக்கிறார்கள். முன்பு இதை ஆலயத்தில் ஏழு நாளும் மற்ற ஊர்களில் ஒரு நாளும் செய்தார்கள். ஆலயம் அழிந்தபின், அதன் நினைவாக எங்கும் ஏழு நாளும் செய்யுமாறு விதித்தவரும் அதே யோகனான் பென் சக்காய்தான்.