சிவப்புக் கல் தூபக்கால்

லண்டன் மான்செஸ்டர் சதுக்கத்தில் இருக்கிற வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்துக்குள் போகக் காசு கிடையாது. ஓவியங்கள் பார்க்கத்தான் போனேன், ஆனால் பாதி நேரம் ஒரு தூபக்காலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன்.

உயரம் அரை மீட்டர்கூட இல்லை. சிவப்பு ஜாஸ்பர் கல்லில் குடைந்தெடுத்த கிண்ணம். அதைத் தாங்கும் மூன்று கால்களும் தங்க முலாம் பூசிய வெண்கலம். மேலே பாதி மனிதன் பாதி ஆடான சேட்டரின் தலைகள், கீழே ஆட்டுக் குளம்புகள், நடுவில் சுருண்டு ஏறும் ஒரு பாம்பு. 1748-இல் பொம்பெய் நகரைத் தோண்டத் தொடங்கிய பிறகு பழைய ரோமின்மேல் ஐரோப்பாவுக்கே ஒரு மோகம் வந்ததே, இந்த மூன்று கால் வடிவமும் அந்த மோகத்தில் பிறந்ததுதான்.

செய்தவர் பாரிஸைச் சேர்ந்த பியேர் குட்டியேர், 1774-75 வாக்கில். அரிய கல் என்றால் உயிரை விடும் ஓமோன் கோமகனுக்காகச் செய்தார். அந்தக் கோமகன் கல் அறுத்து மெருகேற்றவே தனிப் பட்டறை வைத்து நடத்தியவர். ஜாஸ்பரைச் சாதாரண உளியால் செதுக்க முடியாது, எஃகைவிடக் கடினமான பொடியைப் போட்டு நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத்தான் குழி எடுக்க வேண்டும், அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த கிண்ணத்துக்குக் கால் வைக்கிறவன் சாதாரண ஆளாக இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

வெண்கலத்தை வார்த்த பிறகுதான் குட்டியேருக்கு உண்மையான வேலையே ஆரம்பம். சின்னச் சின்ன உளிகளால் ஒவ்வொரு மயிரிழையையும் செதுக்கி எடுப்பார்கள். அப்புறம் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் குழைத்து அதன்மேல் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி நஞ்சு. கை நடுங்கி, பல் கொட்டி, முலாம் பூசுகிறவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார்கள். பளபளப்பைப் பார்த்து மயங்கி நிற்கும்போது இதை நான் மறக்க விரும்பவில்லை.

குட்டியேருடைய தனித் திறமை பளபளப்பில் இல்லை, மங்கலில்தான் இருக்கிறது. எல்லா இடத்தையும் மின்ன விடாமல், சில பகுதிகளுக்குப் பட்டுத்துணி மாதிரி மென்மையான மங்கல் முலாம் கொடுத்து, அதன் பக்கத்திலேயே இன்னொரு பகுதியை வழவழப்பான கல்லால் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கிவிடுவார். ஒரே தங்கம், ஆனால் இரண்டு நிறம் போலத் தெரியும். நேர் நடுவில் சிவப்புக் கல். தங்கம் முந்திக்கொண்டு கத்தாததால்தான் கல்லின் சிவப்பு அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

கோமகன் 1782-இல் இறந்தார், அதே ஆண்டு டிசம்பரில் அவர் சேகரித்ததெல்லாம் ஏலத்துக்கு வந்தது. பதினாறாம் லூயி மன்னரே நிறைய வாங்கினார். இந்தத் தூபக்காலை எடுத்தது அவருடைய ராணி மரி அந்துவானெத், அன்றைய பிரெஞ்சு நாணயத்தில் 12,000 லிவ்ருக்கு. ஏலப் பட்டியலில் குட்டியேர் செய்த பொருட்களுக்குப் பக்கத்தில், பிரெஞ்சில் அவர் பெயரின் முதல் எழுத்தான 'ஜி'யை (G) போட்டிருந்தார்கள். யார் வைத்திருந்தார் என்பதை மட்டுமே பேசுகிற உலகத்தில், செய்த கைக்கு ஓர் எழுத்தாவது கிடைத்ததே என்று எனக்கு மனசு நிறைந்தது.

குட்டியேரிடம் பணம்தான் நிற்கவில்லை. முந்தைய மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியாக இருந்த மதாம் துய் பாரி அவருக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருந்தார். 1793-இல், பிரெஞ்சுப் புரட்சியில், அந்த அம்மாவின் தலையே போய்விட்டது. குட்டியேர் 1813-இல் வறுமையில் செத்தார்.

லண்டன் போனால் போய்ப் பாருங்கள். கொஞ்சம் குனிந்து, கிண்ணத்தின் அடியில் அந்தப் பாம்பு வளைகிற இடத்தைப் பாருங்கள்.