அப்பாவின் நாலு பிளஸ்

போன மாதம் அப்பாவின் யூரின் ரிப்போர்ட்டில் சர்க்கரைக்கு நேரே நாலு பிளஸ். "ஐயா, உடனே டாக்டரைப் பாருங்க" என்று லேப் தம்பி வேறு சொல்லியனுப்பிவிட்டார். வீடு வந்து சேர்வதற்குள் அப்பா பாதியாகிவிட்டார். "ஏம்மா, இத்தனை மாத்திரை முழுங்கியும் நீர்ல சர்க்கரை போகுதாமே?" இத்தனைக்கும் அன்று வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 118தான்.

போகவைப்பதே மாத்திரைதான் அப்பா, என்றேன். டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., தினமும் ஒன்று. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஏறக்குறைய அத்தனையையும் மறுபடி உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடும். அதில் பெரும்பங்கு வேலை எஸ்ஜிஎல்டி2 என்ற புரதத்துடையது. மாத்திரை அதைத் தடுக்கிறது. சர்க்கரை வெளியேறும்போது கொஞ்சம் உப்பும் நீரும் கூடவே போகும். பம்பிங் 35 சதவீதத்தில் ஓடும் அப்பாவின் இதயத்துக்கு அது சுமை இறக்கிய மாதிரி.

இதற்கு முன் அவருக்குத் தந்தது பயோகிளிட்டசோன். சர்க்கரை நன்றாகவே இறங்கியது. ஆனால் அது உடம்பில் நீரைத் தேக்கும்; இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. எழுதிக்கொடுத்தவர் எக்கோ ரிப்போர்ட்டைக் கேட்கவே இல்லை. செருப்புக்குள் நுழையாத அளவுக்குக் கால் வீங்கியபோதும், "முப்பது வருஷம் பஸ்ல நின்ன கால்தானே" என்றார். அப்பா கண்டக்டராக இருந்தது அவ்வளவு வசதியாகப் போய்விட்டது அவருக்கு.

2015இல் வந்த எம்பா-ரெக் ஆய்வில், சர்க்கரையோடு இதய, ரத்தக்குழாய் நோயும் இருந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில், இதே வகையைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களிடம் இதய நோய் மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தச் சர்க்கரையில் வந்த வித்தியாசமோ சொற்பம். அதை வைத்து மட்டும் இந்தப் பலனை விளக்க முடியாது. 2019இல் டாபாகிளிஃப்ளோசினைச் சர்க்கரை இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் பலன் இருந்தது. எங்கள் பெரியப்பா அந்த ரகம். "சுகரே இல்லாதவனுக்கு எதுக்குடா சுகர் மாத்திரை" என்று மூன்று நாள் வீட்டில் சண்டை.

தொல்லையும் உண்டு. அந்தரங்க இடத்தில் பூஞ்சைத் தொற்று வரலாம். வந்தது; பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் அப்பா அரிப்போடு உட்கார்ந்திருந்தார். வெட்கம். கழுவித் துடைத்து உலர வைத்துக்கொள்ளுங்கள், களிம்பு இருக்கிறது என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வாந்தி, பேதி வந்தால் நிறுத்திவைத்துவிட்டு அவரைக் கேட்க வேண்டும். ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

இன்னும் தீராதது பஸ் பயணம்தான். மதுரையிலிருந்து திருச்செந்தூர் போவதற்குள் எத்தனை தடவை டிரைவரைக் கெஞ்சுவது? ஊருக்குப் போகிற நாளில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், விடத்தான் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா தலையாட்டினார். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது டப்பாவில் அன்றைய கட்டம் காலியாகத்தான் இருந்தது. மறுநாள் துவைக்கப் போட்ட சட்டைப்பையில் மாத்திரை கிடைத்தது.