றீலைப் போட முதல் மணந்து பாருங்கள்

நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கொடிகட்டிப் பறந்த எழுபதுகளின் இலங்கையில், அந்தளவுக்குப் பெயரெடுக்காத பொப் பாடகர்களும் இருந்தார்கள். அப்படியொருவர் தனியாகப் பாடிப் பதிவுசெய்து, காசு போதாமல் வெளிவராமலே போன தொகுப்பொன்றின் ரேப் றீல், அதாவது ஒலிநாடாச் சுருள், திருகோணமலையில் யாருடைய அலுமாரிக்குள்ளாவது அகப்பட்டால், வீட்டுக்காரர் உடனே அதைப் போட்டுக் கேட்கத்தான் பார்ப்பார். அதை மட்டும் செய்யக்கூடாது.

முதலில் மணந்து பாருங்கள். வினாகிரி மணம் அடித்தால் அது அசிற்றேற் என்ற பழைய வகைப் பிளாஸ்ரிக்கில் செய்த ரேப். சுற்றிய றீலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவும், மற்ற வகையான பொலியெஸ்ரரில் ஊடுருவாது. அசிற்றேற்றைச் சூட்டில் வைக்கவே கூடாது, சுருண்டு உடையும்.

பொலியெஸ்ரரில் வேறு தொல்லை. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த அம்பெக்ஸ் 456 போன்ற, முதுகு கறுப்புப் பூசிய ரேப்களில் காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். கடற்கரை ஊர், மூன்று மாத வாடை மழை, சொல்லவா வேண்டும்? ஓட்டினால் கிரீச்சிடும், ரேப்பை வாசிக்கும் ஹெட்டில் மண்ணிறப் பசை அப்பும், அதோடு பாட்டும் உரிந்து போய்விடும். இதற்கு வைத்தியம் 54 பாகை செல்சியஸில் 8 மணித்தியாலம் சூட்டில் வைப்பது. கால் அங்குல அகல ரேப்புக்கு இந்தக் கணக்கு. காற்றாடி உள்ள உணவு உலர்த்தி போதும், இடையில் ஒருதரம் புரட்டி விடுங்கள். சமையல் அவண் வேண்டாம், குறைந்த சூட்டை அது ஒரே சீராகப் பிடிக்காது. பிளாஸ்ரிக் றீல் நெளியக்கூடும், உலோக றீலுக்கு மாற்றிவிட்டு வையுங்கள். நன்றாக ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் கணினிக்கு ஏற்றிவிட வேண்டும். ஈரம் திரும்பி வரும். வறண்ட கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் அந்த அவகாசம் கொஞ்சம் நீளும்.

ஹெட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடையுங்கள். 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ் என்ற ஒலித்தரத்தில் கணினிக்கு ஏற்றினால் ஸ்ரீரியோ ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2 ஜிகாபைற் வரும். வேகம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: பதிவின் அடியில் மின்சார இரைச்சல் கேட்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அது 51 இல் நின்றால் ரேப் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது, பாடகரின் குரல் அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறிவிடும். மின்சாரமே சற்று ஏறி இறங்குவதால், பாட்டில் மின்னணு ஓர்கன் இருந்தால் அதன் சுருதியோடும் ஒத்துப் பாருங்கள்.

கசெட்டில் சூடேற்றும் வேலை பொதுவாக இல்லை. ஹெட்டோடு ரேப்பை அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். குரல் மந்தமாகக் கேட்டால் ஹெட் பக்கத்துத் திருகாணியை, உயர்ந்த ஒலிகள் தெளியும்வரை மெல்லத் திருப்ப வேண்டும்.

இரைச்சலை நீக்கும் மென்பொருளில் கைவைக்க முதல் தொடாத பிரதியொன்றை ஒதுக்கி வையுங்கள். அளவுக்கு மிஞ்சித் துடைத்தால் குரல் வாளிக்குள் இருந்து பாடுவதுபோல ஆகிவிடும். புது ட்ரம் சேர்ப்பவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல விருப்பமில்லை.

பாடகர் ஓமென்றால் மட்டும் வெளியிட முடியாது. 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை அவர்கள் இறந்து 70 ஆண்டுவரை வாரிசுகளுக்கு உண்டு. பதிவுக்குக் காசு போட்டவருக்கும் தனியாக உரிமை இருக்கலாம். பாட்டெழுதியவரின் பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். றீலை உலர்த்தியில் வைக்க முதலே அவர்களைத் தேடத் தொடங்குங்கள்.