போயா நாளில் ஒரு கிளினிக் திகதி

தம்பி மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஏழு மாதமாகிறது. ஸ்கான், ஐசியு, வீட்டுக்கு வந்தது எல்லாம் கடவுள் புண்ணியத்தில் ஒழுங்காக நடந்தன. என்னை அலைக்கழித்தது அவனைச் சேர்த்த மருந்து ஆய்வுதான். கொழும்பில்தான், ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம்.

அடிபட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் ஊசி ஏற்ற வேண்டுமாம். கார்டில் இருந்ததோ வார்ட்டுக்கு வந்த நேரம். விழுந்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் கூட்டாளி பதறிப்போய் எனக்கு எடுத்த கோல் போனில் கிடந்தது, 6.12. அதைக் காட்டிய பிறகுதான் டொக்டர் தலையாட்டினார். ஆகவே கோல் விபரத்தை அழித்துவிடாதீர்கள்.

"எங்கட பிள்ளையிலயா சோதிச்சுப் பாக்கிறீங்கள்?" என்று அம்மா அழுதா. டொக்டர் கோபப்படவில்லை. தலையில் அடிபட்டவர்களுக்கு வருடக்கணக்காக ஸ்டீராய்ட் கொடுத்து வந்தார்களாம், 2004இல் பத்தாயிரம் பேரை வைத்துப் பார்த்த 'கிராஷ்' ஆய்வில்தான் அது சாவைக் கூட்டுகிறது என்று தெரிந்ததாம். அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு எது என்று மறைத்துத்தான் ஆய்வு நடக்கிறதாம், அதனால் ஏற்றியது மருந்தா வெறும் உப்புத் தண்ணீரா என்பது இன்றுவரை எங்களுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

அன்றிரவு அவசரத்தில் வாயால் சம்மதம் சொன்னேன், முழுப் படிவம் மறுநாள் வந்தது, சிங்களத்தில். தமிழ்ப் படிவம் கேட்டால் "முடிஞ்சுது" என்றார் கிளார்க். நானும் நகரவில்லை. கடைசியில் ஒரு மிஸ்ஸி அதே மேசை லாச்சியில் இருந்து ஒரு கட்டே எடுத்துத் தந்தா! தம்பிக்கு நினைவு தெளிந்ததும் அவனிடமும் தனியாகக் கையெழுத்து வாங்கினார்கள். "என்னைக் கேக்காம ஏன் சைன் வைச்சனீங்கள்?" என்று எனக்கு ஏச்சு வேறு.

ஆறு மாதத்தில் திரும்ப வரச்சொல்லிக் கொடுத்த திகதி போயா தினம், பௌர்ணமி விடுமுறை. நானும் கலண்டர் பார்க்கவில்லை. வேலைக்கு லீவு தேவையில்லை என்று சந்தோஷமாகப் போனால், "அத போயனே" (இண்டைக்குப் போயா தானே) என்று செக்யூரிட்டி சிரிக்கிறார். அடுத்த முறை ஃபைலைக் காணவில்லை. கிளினிக் இலக்கத்தை வைத்து ஒன்றரை மணித்தியாலம் தேடினார்கள். ஆய்வுக்குத் தனி இலக்கம் உண்டு, சின்ன அட்டையில் இருக்கும், அதைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேள்விகள். தனியாக வீட்டில் இருக்கிறாரா, கடைக்குப் போகிறாரா, பழைய வேலையைச் செய்கிறாரா, வீட்டாரோடு ஒத்துப்போகிறாரா? பதில்களைப் பார்த்து, ஆள் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று எட்டுப் படியில் ஒன்றில் போடுவார்களாம். தம்பி எல்லாவற்றுக்கும் "பிரச்சினை இல்லை" என்றான். நல்லகாலம், கேள்வி கேட்ட பிள்ளை என்னைப் புறம்பாகக் கூப்பிட்டுக் கேட்டது. அடுப்பை அணைக்க மறப்பதையும் சின்ன விஷயத்துக்கும் கத்துவதையும் சொன்னேன். கட்டாயம் கூட ஒருவர் போங்கள், அடிபட்டவருக்குத் தன் மாற்றம் பல நேரம் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில், "அக்கா, நான் அவ்வளவு கத்துறேனா?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். வெள்ளவத்தை வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை.