மூன்றாவது முறை முளைத்த பெரணி

நேற்று காலை சருகை விலக்கிப் பார்த்தால் ஏழு இளந்தளிர்ச் சுருள்கள்! சுண்டுவிரல் நகம் அளவுதான், கருஞ்சிவப்பு நிறம். இரண்டு முறை தோற்றுப்போனவன் என்பதால் கொஞ்சம் அலட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செடி அடியாண்டம் பெடேட்டம். வீட்டுக்குள் தொட்டியில் வைக்கிற மெய்டன்ஹேர் பெரணி இல்லை. கறுத்த காம்பு லாடம் மாதிரி வளைந்து விசிறியாக விரியுமே, குளிர்காலத்தில் தரைக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் போய்விடுமே, அது. முதல் முறை செத்துவிட்டது என்று நினைத்துத் தோண்டினேன். உள்ளே ரைசோம், அதாவது மண்ணில் படுத்து ஓடுகிற தண்டு, உயிரோடுதான் இருந்தது. உடைத்தது நான்.

இரண்டாம் முறை பத்திரமாக இருக்கட்டும் என்று நான்கு விரல் ஆழத்தில் புதைத்தேன். அழுகிவிட்டது. மண்ணின் மேல்தோலை ஒட்டியே படுத்துக்கொண்டு நகர்கிற ஜென்மம் அது, ஆழம் ஒத்துக்காது. போன வசந்தத்தில் மூன்றாவதை வைத்தபோது 2 செ.மீ.க்கு மேல் போகவில்லை.

அந்த 2 செ.மீ.தான் உயிரை வாங்கியது. கையால் அமுக்கினால் மெல்லிய வேர்கள் நசுங்கும், அமுக்காவிட்டால் அடியில் காற்றுப்பொந்து நின்று காயும். கடைசியில் பழைய முள்கரண்டிதான் கைகொடுத்தது. கம்பி மாதிரியான வேர்களை அதால் இருபக்கமும் பிரித்து, நடுவே இலைமக்கைத் தூவி, தட்டாமல் தண்ணீரை ஊற்றியே படியவைத்தேன். முதல் செம்புத் தண்ணீரிலேயே மக்கு இறங்கி ரைசோம் முதுகைக் காட்டியது. மறுபடி தூவல், மறுபடி தண்ணீர், நான்கு தடவை. குனிந்தே கிடந்ததைப் பார்த்து எதையோ தொலைத்துவிட்டேன் என்று வீட்டில் நினைத்தார்கள்.

விற்றவரைப் பற்றியும் புலம்பியே ஆகவேண்டும். காய்ந்த காகிதத்தில் சுற்றி அனுப்பியிருந்தார், சுள்ளி மாதிரி வந்து சேர்ந்தது. ஒரு பிடி ஈரப்பாசி வைத்தால் குறைந்தா போய்விடும்? இனி தொட்டியில் வேர்பிடித்த செடிதான் வாங்குவேன்.

இலைமேல் தண்ணீர் தெளிக்கிறவர்களுக்கு ஒன்று: அடியாண்டம் என்றால் கிரேக்கத்தில் 'நனையாதது'. துளி உருண்டு ஓடிவிடும். ஈரம் வேரில் இருக்கவேண்டும், ஒருநாள் வறண்டாலும் இலை கருகும். கருகிய இலை திரும்பாது.

அடுத்து ஸ்போரிலிருந்து, அதாவது பெரணிக்கு விதைக்குப் பதிலாக இருக்கும் தூளிலிருந்து, வளர்க்கும் ஆசை. போன கோடையில் ஓர் இலையின் ஓரமடிப்பில் பழுப்பேறியிருந்தது, தாளில் உதிர்ந்த தூளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த மண்ணில் தூவி, மூடிவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும். மூடிபோட்ட டப்பாகூடத் தயார்.

அதற்குள் இன்று காலை ஏழாவது சுருளுக்குத் தலை இல்லை. பக்கத்தில் பளபளவென்று நத்தைக் கோடு. ராத்திரி டார்ச்சோடு இறங்கப் போகிறேன்.