பழவேற்காட்டுல நான் புடிக்காத மீனுங்க

பழவேற்காட்டுல மச்சானோட தூண்டில் போட்டுட்டு நேத்து ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தேன். எலுமிச்சம்பழம், சீயக்காய், கடைசியா டூத்பேஸ்ட் வரைக்கும் தேய்ச்சுப் பார்த்தாச்சு, கையில கவிச்சி போகவே இல்ல. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்திருக்கேன். எப்படிப் போறது, எங்க சாப்பிடறது, எவ்வளவு செலவு ஆகும்னு எல்லாம் வரிசையா சொல்றேன்.

முதல்ல எப்படிப் போறது. சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் புடிச்சு பொன்னேரில இறங்கணும், டிக்கெட் ஒரு டீ காசுதான். தூண்டில் ராடு உடையக்கூடாதுன்னு ரெண்டையும் ஒரு பிவிசி பைப்புக்குள்ள சொருகி ரெண்டு பக்கமும் மூடி போட்டு எடுத்துட்டுப் போனோம். ஸ்டேஷன்ல ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டு "என்னய்யா இது, பிளம்பிங் வேலையா"ன்னு கேட்டாரு. ஆமாம் சார்னு மச்சான் சொல்லிட்டான். அதுவரைக்கும் எல்லாம் சுபம்.

பொன்னேரில பஸ் கண்ணு முன்னாடி போயிடுச்சு. அடுத்த பஸ் எப்போன்னு மூணு பேரைக் கேட்டா மூணு நேரம் சொல்றாங்க. ஏத்தம் (கடல் தண்ணி ஏறுற நேரம்) தவறிடுமேன்னு பயந்து ஆட்டோவைக் கேட்டேன், அதுதான் நான் செஞ்ச தப்பு. இருபது கிலோமீட்டர்கூட இருக்காது, 700 கேட்டாரு! பேசிப் பேசி 550க்கு வந்தாரு. சரின்னு ஏறினா வழில ரெண்டு இடத்துல நிறுத்தி ஒரு அக்காவையும் அவங்க மூணு மூட்டையையும் ஏத்திக்கிட்டாரு, என் மடி மேல ஒரு மூட்டை, உள்ள கருவாடு, அவங்ககிட்டயும் தனியா முப்பது ரூபாய் வாங்கிக்கிட்டாரு. இதுல இறங்கும்போது "பைப்புக்கு லக்கேஜ்"னு ஒரு ஐம்பது. ரெண்டு பேருக்கு மொத்தச் செலவே 1,500ன்னு போட்ட பட்ஜெட், மணி ஏழரைக்குள்ளயே 600 காலி. இந்த 600 என் மனசை அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அரிச்சுது, அப்பப்போ திரும்ப சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

போன நாள் தை அமாவாசைக்கு மறுநாள். அமாவாசை அன்னைக்கே கிளம்பறதாதான் பிளான், அம்மா "அமாவாசையும் அதுவுமா மீன் புடிக்கப் போறியா"ன்னு ஒரு பார்வை பார்த்ததுல ஒரு நாள் தள்ளிப்போச்சு. அதுவும் நல்லதுதான், அமாவாசை பௌர்ணமியை ஒட்டித்தான் தண்ணி நல்லா ஏறி நல்லா வத்தும், ஓட்டம் இருந்தாத்தான் கொடுவா மீன் இரை தேடி வரும். நான் ஒரு வாரமா போன்ல ஆப் போட்டு, நேரம் குறிச்சு, ஒன்பது மணி வாக்குல ஏத்தம் உச்சம்னு பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வெச்சிருந்தேன். மச்சான் வாழ்க்கையில தூண்டிலே தொட்டதில்ல, சாப்பாட்டுக்காக வந்தவன். அவனுக்கு என் பழைய ராடைக் கொடுத்தேன், எனக்குப் போன மாசம் 4,800 போட்டு வாங்கின புது ராடும் ரீலும்.

பழவேற்காடு தெரியாதவங்களுக்கு: இந்தியாவுல சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பங்கு ஆந்திரா பக்கம், தெக்கு ஓரம் மட்டும் நம்மளது. அந்தாண்ட ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலையும் ஏரியையும் பிரிச்சுக்கிட்டு நீளமா கிடக்குது, ராக்கெட் விடுற அன்னைக்கு மீனவங்களைக் கடல் பக்கம் போக வேணாம்னு சொல்லிடுவாங்க, தேதி பார்த்துட்டுப் போங்க. டச்சுக்காரங்க 1613ல கட்டின கெல்ட்ரியா கோட்டை இப்போ வெறும் புதரு. கல்லறைத் தோட்டம் மட்டும் நல்லா இருக்கு, வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி வெச்சிருப்பாங்க, மச்சான் அதுங்களோட செல்ஃபி எடுத்தான். ரெண்டு பேர் படகுல கூட்டிட்டுப் போறோம்னு மெதுவா வந்து கேட்டாங்க, வேணாம்னுட்டேன். 2011 டிசம்பர் 25 அன்னைக்கு இங்க படகு கவிழ்ந்து 22 பேர் போனாங்க, அதுக்கப்புறம்தான் சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டாங்க. லைஃப் ஜாக்கெட்டும் இல்லாம காசும் கொடுத்து ஏறுற அளவுக்கு எனக்கு மீன் முக்கியம் இல்ல. கரைதான்.

பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி கருங்கல் கொட்டியிருந்த இடமா பார்த்து உக்காந்தோம். எட்டு மணில இருந்து பத்து மணி வரைக்கும் லூர், அதாவது பொய் இரை, மாத்தி மாத்தி வீசினேன், ஒண்ணும் இல்ல. இறாலை இரையா கோத்துப் போட்டா பேத்தை மீன். மறுபடியும் பேத்தை. கரைக்கு வந்ததும் எண்ணெய்ல போட்ட பூரி மாதிரி உப்பிக்கிட்டு கர்ர் கர்ர்னு நம்மளைத் திட்டுது, கிளிமூக்கு மாதிரி பல்லு வேற, நாலு தடவை தூண்டில் நரம்பைக் கத்தரிச்சு ஊக்கோட போயிடுச்சு. விஷ மீன், சமைக்கவும் முடியாது, வாய்க்கிட்ட விரலைக் கொண்டு போகாதீங்க. ஒரு ஊக்கு பதினஞ்சு ரூபாய், நாலு ஊக்கு போச்சு, கணக்கு போட்டுக்குங்க.

அப்போதான் முதல் மீன். நாங்க புடிக்கல. மச்சான் கல்லு மேல உக்காந்து பையைத் திறந்து பிஸ்கட் தேடிக்கிட்டிருந்தான். தண்ணில சளசளன்னு ஒரு மடவை மீன் கூட்டம், பின்னாடி எதுவோ துரத்துது போல, ஒண்ணு மேல ஒண்ணா எம்புதுங்க. அதுல ஒண்ணு மட்டும் குறி தவறி, என் கண்ணு முன்னாடி, நேரா அவன் பைக்குள்ள! ஒரு முழத்துக்கு மேல இருக்கும். அவன் "பாம்பு பாம்பு"ன்னு பையைத் தூக்கிப் போட்டுட்டு ஓடினான், பிஸ்கட், பவர் பேங்க், மாத்துச் சட்டை எல்லாத்து மேலயும் மடவை துள்ளுது. நான் ரெண்டு மணி நேரமா 4,800 ரூபாய் ராடை வீசிக்கிட்டிருக்கேன், இவன் ஜிப்பைத் திறந்து வெச்சே மீன் புடிச்சுட்டான்.

அடுத்தது என் முறை, ராடு வளைஞ்சுது, நல்ல கனம், "மச்சி பெருசுடா"ன்னு கத்திட்டேன், பக்கத்துல விளையாடிட்டிருந்த பசங்க எல்லாம் வந்துட்டாங்க. கனம் இருக்கு, ஆனா இழுப்பே இல்ல. கரைக்கு வந்தா கிழிஞ்சுபோன வலை, பாசி புடிச்சு ஒரு சாக்கு அளவுக்கு. பசங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே. தூக்கிப் போடலாம்னு பார்த்தா உள்ள ஒரு சேத்து நண்டு, உள்ளங்கையை விட அகலம், உயிரோட, காலெல்லாம் சிக்கி என்னை முறைச்சுக்கிட்டிருக்கு. கத்தியால ஒவ்வொரு நூலா அறுத்து எடுக்கவே இருபது நிமிஷம், அதுக்குள்ள ஒரு விரல்ல ரத்தம் பார்த்துடுச்சு. அதையும் நான் புடிச்சேன்னு சொல்ல முடியாது, வலை புடிச்சு வெச்சிருந்ததை நான் திருடினேன், அவ்வளவுதான்.

பக்கத்துல ஒரு பெரியவர் கால் கட்டைவிரல்ல வலையை மாட்டிக்கிட்டு பொத்தல் அடைச்சுக்கிட்டிருந்தாரு. ரொம்ப நேரமா எங்களைப் பார்த்துக்கிட்டே இருந்தவர், "ஏன் தம்பி, காலைலயே அந்த அடி அடிச்ச?"ன்னு கேட்டாரு. பாக்கெட்ல இருந்த பேப்பரைக் காட்டினேன், ஒன்பது மணிக்கு ஏத்தம்ணேன்னு. "அது துறைமுகத்துக் கணக்கு. கடல்ல ஏறின தண்ணி அவ்ளோ சின்ன வாய் வழியா பூந்து இங்க வர வேணாமா? நீ பரபரன்னு அடிச்சப்ப தண்ணி நின்னுக்கினு இருந்துச்சு, இப்பதான் ஏறுது பாரு"ன்னாரு. பார்த்தா கல்லுல ஈரக்கோடு நிஜமாவே ஒரு சாண் மேல வந்திருந்துச்சு. ஒரு வாரம் ஆப் பார்த்ததுக்கு நான் இந்தக் கல்லை அஞ்சு நிமிஷம் பார்த்திருக்கலாம்.

அவர்கிட்டதான் பாடு பத்தி கேட்டேன். படிச்சிருக்கேன், ஆனா ஆளுங்க வாயால கேட்கறது வேற. இறாலுக்கு வலை கட்டுற நல்ல இடங்களுக்குப் பேரே பாடு. எந்த இடத்துல எந்த நாள் யாரு வலை கட்டறதுன்னு ஊர் கூடி சீட்டு போட்டு, முறை வெச்சு மாத்தி மாத்தி கட்டுவாங்க. இன்னைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. "அப்போ உங்க நாள்ல மீன்பாடு இல்லன்னா?"ன்னு கேட்டேன். "இல்லன்னா இல்லதான். பக்கத்து ஆளுக்கு வந்துச்சேன்னு வயிறு எரிய முடியாதில்ல, அவன் முறை அவனுக்கு"ன்னு சொல்லிட்டு பல்லால நூலைக் கடிச்சாரு. நான் மச்சானோட பையைப் பார்த்தேன், மடவை வாசனை அடிச்சுது. வயிறு எரிஞ்சுதுங்க, பொய் சொல்ல மாட்டேன்.

பன்னெண்டே கால் இருக்கும். ஊக்குல ஒரு சின்ன கிழங்கான் மீன் மாட்டிச்சு, விரல் நீளம்தான். சரி இரையா இருக்கட்டும்னு அப்படியே ஊக்கோட திரும்ப தண்ணில விட்டுட்டு, ராடை ரெண்டு கல்லுக்கு நடுவுல சொருகிட்டு, ஒண்ணுக்குப் போக புதர் பக்கம் ஒதுங்கினேன். வலை இழுத்தப்போ டிராகை, அதாவது நரம்பு ஓடாம புடிக்கற ரீல் பிரேக்கை, இறுக்கியிருந்தேன், அதைத் தளர்த்த மறந்துட்டேன். இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்குங்க: ராடை விட்டு நகரும்போது டிராகைத் தளர்த்தணும், இல்லன்னா மீன் நரம்பை இழுக்காது, ராடையே இழுக்கும். படார்னு ஒரு சத்தம், மச்சான் "டேய்ய்ய்"ங்கறான், நான் பேன்ட்டைப் புடிச்சுக்கிட்டே ஓடி வரேன், ராடு கல்லு மேல சறுக்கிக்கிட்டு போய் தண்ணிக்குள்ள பூந்துடுச்சு. அவ்வளவுதான். 4,800. ஆட்டோவுக்கு 600. நான் அப்படியே கல்லு மேல உக்காந்துட்டேன். பசங்க இந்தத் தடவை சிரிக்கல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

மச்சான் ஒண்ணும் பேசல. பழைய ராடுல பெரிய ஈயக்குண்டும் மூணு முனை ஊக்கும் கட்டி, அடிமட்டத்தை அரிச்சு அரிச்சு இழுக்க ஆரம்பிச்சான். காலைல வீசத் தெரியாம தன் தொப்பியையே ஊக்குல மாட்டினவன்! பத்து தடவை, இருபது தடவை, பாசி, ஒரு செருப்பு, மறுபடியும் பாசி. முக்கால் மணி நேரத்துக்கு மேல. நான் விடுடான்னு சொல்லிட்டேன். அப்போ ஏதோ மாட்டி, ஊக்கு கரைக்கு வந்தப்போ அதுல குறுக்கா ஒரு மஞ்சள் கோடு. என் நரம்பு!

துண்டைக் கையில சுத்திக்கிட்டு புடிச்சேன். நரம்பு ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள போகுது. இடது கையில இருந்த பக்கம் கல்லு மாதிரி செத்த கனம், அது ராடு. வலது கையில இருந்த பக்கம்... டக். கொஞ்சம் விட்டு, டக் டக். உயிரு. எந்தப் பக்கத்தை முதல்ல இழுக்கறதுன்னு ஒரு நிமிஷம் நிஜமாவே தெரியல, 4,800ஆ மீனான்னு மனசு அடிச்சுக்குது. பெரியவர்தான் வலையைப் போட்டுட்டு எழுந்து வந்து "ராடு எங்கயும் போவாது, மீனை எடு"ன்னாரு. கையாலயே இழுத்தோம், துண்டு கிழிஞ்சுது, கடைசில தண்ணிக்கு மேல தலையை உதறிக்கிட்டு வந்துச்சு பாருங்க, கொடுவா! கண்ணு செவசெவன்னு மின்னுது. செவுளை கையால புடிக்கப் போனேன், பெரியவர் தட்டி விட்டாரு, ஓரம் பிளேடு மாதிரி இருக்குமாம், உதட்டைப் புடிச்சுத்தான் தூக்கணும். அதோட வயித்துக்குள்ள என் கிழங்கான் இருந்துச்சு. ராடும் பின்னாடியே வந்துச்சு, ரீல் பூரா சேறு.

மார்க்கெட் தராசுல மூணு கிலோ இருநூறு. கொடுவா முதல்ல ஆணாத்தான் வளரும், பெருசானப்புறம் பொண்ணா மாறும், இந்த சைஸு எதுவா இருக்கும்னு நான் விளக்கிக்கிட்டிருக்கேன், மச்சான் அதுக்குள்ள "கிலோ 500ன்னு கேக்கறாங்கடா, 1,600, ஆட்டோ காசு வந்துடும்"ங்கறான். பத்து நிமிஷம் சண்டை, யாரு மீனுன்னே முடிவாகல. என் ராடு, என் நரம்பு, ஆனா புடிச்சப்போ நான் புதர்ல இருந்தேன். எடுத்தது அவன். கடைசில விக்கல. நண்டை பெரியவருக்குக் கொடுத்தோம், அவர் அதைத் திருப்பிப் பார்த்துட்டு "இது என் பழைய வலைதான் போல"ன்னு சிரிச்சாரு.

சாப்பாடு எழுத இடமே இல்லாம போச்சு, ஆனா விட முடியாது. மார்க்கெட் பின்னாடி ஒரு வீட்டு முன்னாடி பெஞ்சு போட்டு ஒரு அக்கா சமைக்கறாங்க, கடைக்குப் பேரே இல்ல. பை மடவையைக் கொடுத்தோம், வறுத்துக் கொடுக்க அறுபது ரூபாய். மீன் குழம்பு சாப்பாடு 120, குழம்புல மாங்காய் போட்டு, புளிப்பு நாக்குல நின்னு மண்டைக்கு ஏறுது. இறால் தொக்கு ரெண்டாவது தடவை கேட்டதுக்குக் காசே வாங்கல. மெட்ராஸ்ல 400 கொடுத்தாலும் இது கிடைக்காது. ரெண்டு மணிக்குள்ள போயிடுங்க, அப்புறம் பாத்திரம் கழுவிடுவாங்க.

திரும்பி வரும்போது பஸ் கிடைச்சுது, உக்கார சீட்டும் கிடைச்சுது, எங்களைச் சுத்தி நாலு சீட்டு காலியாவும் இருந்துச்சு, ஏன்னு சொல்லணுமா. மொத்தம் 1,940 ஆச்சு, பட்ஜெட்டுக்கு மேல 440.

இன்னைக்குக் காலைல ரீலைச் சுத்திப் பார்த்தா உள்ள மணல் அரைக்கற சத்தம். சர்வீஸ் கடைக்காரர் கழட்டிப் பார்த்துட்டு பேரிங் மாத்தணும், 900 ஆகும்னுட்டாரு. இந்த 900ஐ ரெண்டா பிரிக்கலாமா, மீனைப் பாதி பாதிதானே எடுத்துக்கிட்டோம்னு மச்சானுக்கு மெசேஜ் போட்டிருக்கேன். ரெண்டு நீல டிக் வந்திருக்கு. பதில் வரல.