ஆர் செய்முறைத் தேர்வு: லெஜண்ட் கேள்வியை எப்படி அணுகுவது

தேர்வு முடிவு சென்ற வாரம் வந்தது. பகுதிநேரப் பட்டப்படிப்பில், ஆர் என்னும் நிரல்மொழியைப் பயன்படுத்தும் தரவுப் பகுப்பாய்வுப் பாடத்தில் எதிர்பார்த்ததைவிட நல்ல தரநிலை கிடைத்ததற்குப் பெரும் காரணம் வரைபடக் கேள்விதான் என்று நம்புகிறேன். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஓடுபவர்கள் ஆயத்த நேரம் முழுவதையும் ரெக்ரஷனுக்கும் கருதுகோள் சோதனைக்கும் கொடுத்துவிட்டு, வரைபடத்தைக் கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன். அடுத்த பருவத்தில் எழுதவிருப்பவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்டது பிஎஸ்ஐ என்னும் காற்று மாசுக் குறியீட்டின் தரவு. ஒவ்வொரு மாதத்திலும் எத்தனை நாள்கள் எந்தக் காற்றுத்தர வகையில் விழுந்தன என்பதை அடுக்குப் பட்டை வரைபடமாக வரைந்து, லெஜண்ட்டை, அதாவது எந்த நிறம் எந்த வகை என்று சொல்லும் விளக்கப் பெட்டியை, படத்துக்குக் கீழே, கடுமையின் வரிசையில் வைக்க வேண்டும். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் வகைகள் சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரிந்தவை: 50 வரை குட், 100 வரை மாடரேட், 200 வரை அன்ஹெல்தி, 300 வரை வெரி அன்ஹெல்தி, அதற்கு மேல் ஹஸார்டஸ். ஆனால் இந்த வகைப் பெயர்கள் உள்ள தரவுப் பத்தியை (நெடுவரிசையை) அப்படியே ஆரின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2இடம் கொடுத்தால், அது ஆங்கில அகரவரிசையில் அடுக்கி, குட் என்பதற்கு அடுத்த இடத்தில் ஹஸார்டஸ் என்பதைக் கொண்டுவந்து வைத்துவிடும். 2013 ஜூன் 21ஆம் தேதி புகைமூட்டத்தில் மூன்று மணி நேரக் குறியீடு 401ஐத் தொட்டதை நினைவில் வைத்திருக்கும் எவரும் அந்த லெஜண்ட்டை ஏற்க மாட்டார்கள்.

இங்கே ஒரு குறுக்குவழி எல்லாருக்கும் தோன்றும், அதுதான் ஆபத்தானது. நிறங்களை நாமே குறிப்பிடும் ஸ்கேல்_ஃபில்_மேனுவல் கட்டளைக்குள் லேபிள்ஸ் என்று போட்டு ஐந்து பெயர்களையும் சரியான வரிசையில் தட்டினால், லெஜண்ட் பார்வைக்குத் திருத்தமாக வந்துவிடும். ஆனால் தரவின் வரிசை மாறியிருக்காது. ஆகவே ஹஸார்டஸ் நாள்கள் மாடரேட் என்ற பெயரையும், மாடரேட் நாள்கள் அன்ஹெல்தி என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டு நிற்கும். பெயர்களின் எண்ணிக்கை பொருந்திவிட்டதால் ஆர் எந்த எச்சரிக்கையும் தராது. படம் அழகாக இருக்கும், சொல்வது பொய்யாக இருக்கும். பொது நலம் சார்ந்த தரவில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது என்பது என் கருத்து.

லெஜண்ட் என்பது படத்தின்மேல் ஒட்டும் சீட்டு அல்ல; தரவை எப்படி வகைப்படுத்தினீர்கள் என்பதன் விளைவு. எனவே திருத்த வேண்டிய இடம் வரைபடக் கட்டளைக்கு முன்னால் இருக்கிறது. பத்தியை ஃபேக்டராக்கி (வகைகளும் அவற்றின் வரிசையும் வரையறுக்கப்பட்ட தரவாக்கி), அந்த வரிசையைக் குறிக்கும் லெவல்ஸில் ஐந்து வகைகளையும் கடுமையின் வரிசையில் எழுதுங்கள். அந்த ஒரே வரியில் அடுக்கு வரிசை, வண்ண வரிசை, லெஜண்ட் வரிசை மூன்றும் ஒன்றுபட்டுவிடும். எழுதியவுடன் டேபிள் கட்டளையால், விடுபட்ட மதிப்புகளையும் சேர்த்து, ஒருமுறை எண்ணிப் பாருங்கள். லெவல்ஸில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்த வகையின் நாள்கள் முழுவதும் சத்தமின்றி என்ஏ, அதாவது விடுபட்ட மதிப்பு, ஆகிவிடும்.

நான் நிதானமாக வேலை செய்பவன். கேள்வியைப் படித்ததும் விசைப்பலகையைத் தொடாமல், லெஜண்ட்டில் எந்த வரிசையில் என்ன வர வேண்டும் என்பதைப் பென்சிலால் தாளில் எழுதிக்கொண்டேன்; பயிற்சித் தாள்களிலும் அதையேதான் செய்தேன். வேகமாகத் தட்டிப் பார்த்துத் திருத்தும் இயல்புடையவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் என்றாலும், இதை விடாமல் செய்யும்படி வற்புறுத்துகிறேன்.

வண்ணத்துக்கு, ஒவ்வொரு வகைப் பெயருடனும் அதன் நிறத்தை இணைத்து எழுதும் பெயரிட்ட வெக்டரையே பயன்படுத்துங்கள். வரிசை எப்படி மாறினாலும் நிறம் தன் வகையைவிட்டு நகராது. வகைகளுக்கு இயல்பான ஏறுவரிசை இருப்பதால் ஆர்டர்ட் ஃபேக்டராக்கினால், ஜிஜிபிளாட்2 தானாகவே விரிடிஸ் என்ற நிறத்தொகுதியைத் தரும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது புரியும். போக்குவரத்து விளக்கு நிறங்களைவிட இதையே நான் விரும்புகிறேன்.

சுருக்கமாகக் கவனிக்க வேண்டியவை:

- பட்டைக்கு ஃபில், புள்ளிக்கும் கோட்டுக்கும் கலர். ஃபில் வைத்து வரைந்துவிட்டு ஸ்கேல்_கலரை எவ்வளவு மாற்றினாலும் பட்டையின் நிறம் மாறாது.
- நிலையான நிறத்தை, தரவுப் பத்திகளைப் படத்தோடு இணைக்கும் ஏஈஎஸ் அடைப்புக்குள் எழுதக் கூடாது. "புளூ" என்று எழுதினால் அதையும் ஒரு வகையாகக் கருதி, சிவப்பு நிறத்தில் வரைந்து, "புளூ" என்றே லெஜண்ட்டும் போடும்.
- நிறமும் வடிவமும் ஒரே பத்தியைக் குறித்தால் இரண்டுக்கும் ஒரே தலைப்பு கொடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் லெஜண்ட் இரண்டாகப் பிரியும்.
- படத்தின் முழுத் தோற்றத்தையும் மாற்றும் தீம்_மினிமல் முதலில், லெஜண்ட் இடத்தைக் குறிக்கும் தீம் பிறகு. மாற்றி எழுதினால் உங்கள் அமைப்பு அழிந்துபோகும்.

மென்பொருள் பதிப்பையும் பாருங்கள். பழைய குறிப்புகள், தரவுக் கோப்பைப் படிக்கும் ரீட்.சிஎஸ்வி சொற்பத்தியைத் தானே ஃபேக்டராக்கும் என்று சொல்லும். 2020இல் வந்த ஆர் 4.0.0 முதல் அந்த வழக்கம் இல்லை. ஹஸார்டஸ் நாளே இல்லாத ஆண்டுக்கும் அந்த வகை லெஜண்ட்டில் தெரிய வேண்டுமென்றால், ஸ்கேலில் டிராப் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் முன்பு போதுமாயிருந்தது. 2024இல் வெளியான ஜிஜிபிளாட்2 3.5.0 முதல், பட்டை அடுக்கில் ஷோ.லெஜண்ட் என்பதையும் ட்ரூ ஆக்கினால்தான் அதன் வண்ணக் கட்டம் நிரம்பும்.

ஜிஜிபிளாட்2 இல்லாமல் ஆரின் சொந்தக் கட்டளைகளால் வரையும் அடிப்படை ஆர் கேள்வி வந்தால் அணுகுமுறையே வேறு. அங்கே லெஜண்ட் கட்டளைக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. நீங்கள் கொடுக்கும் நிறத்தையும் குறியையும் அப்படியே வரையும். ஆகவே நிறங்களை ஒரு மாறியில் ஒருமுறை சேமித்து, பிளாட்டுக்கும் லெஜண்ட்டுக்கும் அதே மாறியைக் கொடுங்கள். பெட்டியைப் படத்துக்கு வெளியே வைக்கச் சொன்னால், வரைவதற்கு முன்பே மார் என்னும் ஓர இடைவெளி அளவில் வலப்பக்கத்தை, அதாவது நான்காவது எண்ணை, உயர்த்திவிட்டு, லெஜண்ட்டில், படப்பகுதிக்கு வெளியேயும் வரைய விடும் எக்ஸ்பிடி என்பதை ட்ரூ ஆக்கி, பெட்டி ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதைக் குறிக்கும் இன்செட்டுக்கு எதிர்மறை எண் கொடுக்க வேண்டும்.

படத்தைச் சேமிக்கும்போது ஜிஜிசேவில் அகலத்தையும் உயரத்தையும் நீங்களே குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் அப்போது திறந்திருக்கும் சாளரத்தின் அளவை அது எடுத்துக்கொள்ளும். எழுத்தின் அளவு மாறாததால், சிறிய சாளரத்திலிருந்து சேமித்த படத்தில் ஐந்து வகைகளும் ஒரே வரிசையில் அடங்காமல் லெஜண்ட்டின் ஓரம் வெட்டுப்படும்.